கட்டி என்று சொன்ன பொய்

டாக்டரம்மா என் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் மூன்று படம் வரைந்தார். முதல் படத்தில் மார்புக் காம்பைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும். இரண்டாவதில் அந்த வட்டத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடு. மூன்றாவதில் வட்டம், கோடு, அந்தக் கோட்டுக்கு அடியில் மார்பு மடிப்போடு போகும் ஒரு குறுக்குக் கோடு. தொங்கிப்போன மார்பைத் தூக்கித் தைக்க இப்படி மூன்று வழி இருக்கிறது, எது வேண்டுமென்று யோசியுங்கள் என்றார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. எனக்கு அப்போது நாற்பது வயது. அன்றுவரை என் உடம்பைப் பற்றி என்னிடமே யாரும் எது வேண்டும் என்று கேட்டதில்லை.

ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில், இரண்டு மார்பிலும் கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா அதைத் தெலுங்கில் எனக்குப் படித்துச் சொன்னார். நான் காதால் கேட்டேன். அதே நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் எனக்கு மார்பில் கட்டி என்று சொன்னேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

நான் நகரிக்காரி. தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் தறி வேலை. கைத்தறி போய் பவர்லூம் வந்து, அதுவும் பாதி மாதம் ஓடி பாதி மாதம் நிற்கிற காலம் வந்தபோது, எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்கு முந்தைய வாரம் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து எச்சரித்தான். "ரவிக்கை நனைஞ்சிருந்திச்சின்னா வெளிய அனுப்பிடுவாங்க. பாலை நிறுத்திட்டு வா." நிறுத்துகிற வேலையை என் நாத்தனார்தான் செய்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. குழந்தை இல்லையென்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும் எங்களோடு வந்து தங்கிவிட்டவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்து, மேலே பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டு அழும்போதெல்லாம் பூவையும் துணியையும் மீறிக் கசிந்தது. ஆறு நாளில் நின்றது. மெடிக்கலில் பாஸானேன்.

மல்லிகைப்பூ வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண வீடுகளில் தலையில் வைத்துவிட்டால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, தெரு திரும்பியதும் எடுத்துவிடுவேன்.

நான் போன பிறகு குழந்தை அழுதால் அண்ணி தன் வற்றிய மார்பில் அதைப் போட்டுக்கொள்வாளாம். முதல் லீவில் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சிகினும் சப்பிகினு தூங்கும்டி, திருடி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. நன்றி என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

குவைத்தில் பதினெட்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. கடைசியாக இருந்த வீட்டு மேடம் மார்பைத் தூக்கித் தைத்துக்கொண்டு வந்தாள். கட்டு மாற்றியது நான்தான். முதல் வாரம் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்றாவது மாதம் பார்த்தபோது, என்னைவிட ஆறு வயது மூத்தவள், கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாமல் இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. தெரிந்த பிறகு குளிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

என்னுடையவை அதற்குள் தொப்புளைப் பார்த்துத் தொங்கியிருந்தன. அந்த ஊர்ச் சாப்பாட்டில் பெருத்து, தைராய்டு வந்து இளைத்து, இரண்டு காலிப் பைகளாக ஆகிவிட்டன. வெயில் காலத்தில் மடிப்புக்கு அடியில் வெந்து புண்ணாகும். இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம், எனக்கு ஆசையாக இருந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் வீட்டைத் துடைத்த உடம்பு. ஒருமுறை அதற்கென்று ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

ஊருக்கே திரும்பி வந்தபோது மகளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வடமாலபேட்டையில் எங்கள் சனத்திலேயே ஒரு குடும்பம். பையனுக்கு மெட்ராஸ் போகிற வழியில் புதிதாக வந்த கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்தியிருந்தது. மகளுக்கும் பிடித்திருந்தது, போட்டோவைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஏழு மாதத்தில் விட்டுப்போனவளுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது இந்தக் கல்யாணம் என்று நினைத்தேன். தை பிறந்தால் நிச்சயம் என்று பேச்சு. ஆடியில் அறுத்துக்கொண்டால் தைக்குள் ஆறிவிடும், அப்புறம் கல்யாண வேலையில் இறங்கிவிடலாம் என்பது என் திட்டம்.

டாக்டரம்மா ரவிக்கைக்கு அளவெடுப்பதைப் போல டேப் வைத்து, கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை அளந்தார். நான் முதல் படத்தைத் தொட்டுக் காட்டினேன். வட்டம் மட்டும். தழும்பு கொஞ்சம், இரண்டு நாளில் வீடு, யாருக்கும் தெரியாது.

அவர் தலையை ஆட்டினார். அது லேசாகத் தளர்ந்தவர்களுக்கு. உங்களுக்கு அதைச் செய்தால் சுருக்குப் பையின் வாயை இழுத்த மாதிரி சுருங்கும், முன்பக்கம் தட்டையாகும், ஒரு வருஷத்தில் வட்டம் அகன்று மறுபடியும் இறங்கிவிடும் என்றார். இரண்டாவது செய்யலாம், ஆனால் இவ்வளவு தோல் மிச்சமிருக்கும்போது அடியில் கொசுவம் மாதிரி கூடி நிற்கும். மூன்றாவதுதான் நிற்கும். தழும்பும் அதில்தான் நீளம். ஒரு மாதம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. காம்பில் உணர்ச்சி குறைந்தாலும் குறையலாம்.

"இனிமேல் குழந்தைக்குப் பால் கொடுக்கிற எண்ணம் உண்டா?" என்று கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டுமாம். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "மீ இஷ்டம்மா" என்றார், உங்கள் விருப்பம்தான் என்று.

மூன்றாவதையே சொன்னேன். செய்கிறதைச் சரியாகச் செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதலாவதைச் செய்துகொண்டிருந்தால் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாளை ஓட்டியிருக்கலாம். ஒரு மாதம் கை தூக்காமல் கிடப்பதற்கு ஊருக்குப் பெரிய காரணம் ஒன்று வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், அவரிடம் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் உண்மையைச் சொன்னேன். "உன் காசு, உன் உடம்பு. வெளிய தெரிஞ்சிச்சின்னா மட்டும் நான் தெருவுல தலை காட்ட முடியாது, சொல்ட்டேன்" என்றார்.

பஸ்ஸில் வடமாலபேட்டை தாண்டி, புத்தூர் தாண்டி வருகிறவரை யோசித்தேன். குடல்வால் என்று சொல்லலாம், ஆனால் அண்ணிதான் என்னைக் குளிப்பாட்டப் போகிறாள், தையல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். மார்பில் அறுப்பதற்கு எங்கள் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

அண்ணி வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"மார்ல கட்டியாம் அண்ணி. அறுத்து எடுக்கணும்ன்றாங்க."

கையிலிருந்த காய் முறத்தில் விழுந்தது. "நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?"

"நல்ல கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல."

எங்கள் பக்கத்தில் நல்ல கட்டி என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கெட்ட கட்டிக்காரர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். பயந்துபோய்ப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். பொய் சொல்கிறேன் என்பது வரைக்கும் சரியாகத்தான் பிடித்திருந்தாள். மகள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் அறைக்கதவு திறந்தது. யாரோ ஆண்பிள்ளை தவறி உள்ளே வந்துவிட்டான் என்று துணியை இழுத்துப் போர்த்தினேன். அண்ணி. மொட்டைத் தலை. தலை முழுக்கச் சந்தனம். கையில் லட்டுப் பொட்டலம்.

"மலைக்குப் போய்ட்டு நேரா இங்கதான் வரேன். வேண்டிகினேன்டி. அறுத்து எடுத்ததுல ஒண்ணும் இல்லன்னு வரணும்னு வேண்டிகினேன். டாக்டரு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றேன். அது பொய்கூட இல்லை.

"பாத்தியா!" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் கூந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே இருக்கும். ஐம்பது வயதிலும் நரை ஒன்றிரண்டுதான். விட்டுவிட்டுப் போன புருஷன்கூட அதில் குறை சொன்னதில்லையாம். வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்து, வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காயவைப்பாள். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான். அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்று. அதைக் கொண்டுபோய் எனக்காக, இல்லாத ஒரு கட்டிக்காகக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மார்பில் கட்டு, குழாய், மாத்திரை மயக்கம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். லட்டைப் பிட்டு வாயில் வைத்தாள். தின்றேன்.

வீட்டில் ஒரு மாதம் அவள்தான் எனக்குத் தலை சீவினாள், சோறு போட்டாள், உடம்பு துடைத்தாள். முதல் தடவை தையலைப் பார்த்ததும், "ரெண்டு பக்கமுமா அறுத்தாங்க?" என்றாள். "ரெண்டு பக்கமும் இருந்திச்சி" என்றேன். ஒரு கட்டி இரண்டாகிவிட்டது.

மூன்றாவது மாதம் கண்ணாடியில் பார்த்தேன். தழும்பு இருந்தது, சிவப்பாக, தலைகீழாய் வைத்த ஆங்கில T எழுத்தைப் போல. அதைத் தாண்டி, நன்றாக இருந்தது. நிமிர்ந்து நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதற்குள் அண்ணியின் மொட்டைத்தலை ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. பொம்பளை மொட்டையடித்தால் எங்கள் பக்கத்தில் கேட்காமல் விட மாட்டார்கள். இன்னா வேண்டுதல், யாருக்கு வேண்டுதல் என்று ஷேர் ஆட்டோவில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள். அவளும் பெருமையாகச் சொல்வாள். "எந்தம்பி பொண்டாட்டிக்கு மார்ல கட்டி. ரெண்டு பக்கமும். முடி குடுத்தேன், சாமி காப்பாத்திட்டாரு." சாமியின் பெருமையைச் சொல்கிறாள், அவள் வாயை நான் எப்படி மூடுவது? நான் சொல்லிக்கொடுத்த பொய்யைத்தானே அவள் உண்மையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கார்த்திகையில் புத்தூரில் ஒரு கல்யாணம். அண்ணி போயிருந்தாள். தலையில் ஒரு விரல்கடை முடி. வடமாலபேட்டைப் பையனுடைய அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா வேண்டுதல்?" என்று கேட்டிருக்கிறாள். வருங்காலச் சம்பந்தியாயிற்றே என்று அண்ணி ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள்.

பத்து நாளில் தரகர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. அது வம்சத்துல வரதாமே. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வருமாமே. அவங்க பயப்படறாங்க. வேணாம்னுட்டாங்க."

மகள் பக்கத்தில்தான் இருந்தாள். போனிலிருந்து வந்த குரல் அவளுக்கும் கேட்டது. எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் போட்டோ குப்பைக் கூடையில் இருந்தது, கிழிக்காமல்.

மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் வடமாலபேட்டைக்குப் போனேன். பையனுடைய அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ரிப்போர்ட்டை நீட்டினேன். "அக்கா, இத யார்கிட்ட வேணா குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. எனக்குக் கட்டியே இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது."

அவள் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்து மூன்று படத்தைப் பார்த்தாள். "கட்டி இல்லன்னா இன்னாத்துக்கு ஆபரேஷன்?"

வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடிக்கொண்டுதான் வந்தேன். இன்னொரு பொய் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"தொங்கிப் போச்சிக்கா. தூக்கித் தெச்சிகினேன்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் படத்திலிருந்து கண்ணை எடுத்து என் முந்தானையைப் பார்த்தாள். "யாருக்காக?"

"எனக்காகத்தான்."

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசிகினு இருக்கச்சொல்ல, உனக்காகவா?" ரிப்போர்ட்டை மடித்து என் பக்கம் தள்ளினாள். "கட்டின்னாலும் டாக்டரு ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு யோசிக்கலாம்னு எம்புள்ள சொல்லிகினு இருந்தான். இது இன்னாம்மா இது? குவைத்துல நீ இன்னா வேலைதான் செஞ்சிகினு இருந்தே?"

கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்தேன். பஸ்ஸில் வாசல் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்தேன், நகரியில் முதல் ஆளாக இறங்க. கோபம் அவள்மேல் இல்லை. இந்தப் பேச்சு எனக்கு முன்னால் நகரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதற்குள் வீட்டில் நானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம்தான்.

வீட்டில் மகள் அண்ணியை முன்னால் உட்காரவைத்து, அந்த விரல்கடை முடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியதும் நின்றுகொண்டே சொன்னேன். கட்டி இல்லை. எப்போதுமே இல்லை. அழகுக்காகச் செய்துகொண்டது. வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னேன். வடமாலபேட்டையில் உண்மையைச் சொல்லிவிட்டேன், இடம் போனது போனதுதான்.

மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப எனக்கு வராதா?"

எனக்குப் புரியவில்லை.

"குளிக்கறப்ப தெனமும் அமுக்கி அமுக்கிப் பாத்துகினு இருக்கேன்மா. ஆடியிலேர்ந்து. ஒரு பக்கம் இருக்கறாப்பல இருக்கும், மறுநாள் இருக்காது. உன்கிட்ட கேட்டா நீ அழுவேன்னு கேக்கல." சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. கல்யாணம் நின்றதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், உள்ளே குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் கதவைத் தட்டவில்லை. தட்டுகிற தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

அண்ணி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வழிந்து நெற்றிக்கு வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப எம் முடி?" என்றாள்.

"வளந்துடும் அண்ணி" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான வார்த்தை அதுதான், கட்டியையும் சேர்த்து.

"வளரும். அதுக்குச் சொல்லல." குரலை உயர்த்தவே இல்லை. "மலைமேல நின்னுகினு கட்டின்னு சொல்லி அழுதேன். சாமிகிட்டயே என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியேடி."

மகளுக்கு வேறு இடம் அமைய மூன்று வருஷம் ஆயிற்று. பங்காருபாளையம் பக்கம், மாங்காய் மண்டிக் குடும்பம். எங்களைத் தெரியாதவர்கள். அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று அவர்கள் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மகளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் போன் செய்தால் முதலில் அத்தையைத்தான் கேட்பாள். பேசி முடித்த பிறகு போன் என்னிடம் வரும்.

அண்ணி இதே வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுகிறாள், சண்டைகூட இல்லை. முடி மறுபடியும் முதுகு வரை வந்துவிட்டது, இந்தத் தடவை முழுக்க வெள்ளையாக. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காயவைக்கிறாள். மொட்டைத் தலையோடு ஊரையே சுற்றி வந்தவள், நான் வாசலுக்கு வந்தால் மட்டும் ஈரத்தோடு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறாள்.